நான்கைந்து பேர் வாழும் வீடு: முதியோர் பராமரிப்பில் நம் மஹல்லாக்கள் யோசிக்க வேண்டியது

முதியோர் இல்லம் என்று சொன்னாலே நம் சமுதாயத்தில் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. பெற்றோரைக் கொண்டுபோய் விட்டுவிடும் இடம் என்றே அதைப் பார்க்கிறோம். அந்த வெறுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டிய தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் துபாயிலோ பெங்களூருவிலோ இருக்கிறார்கள். மகள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வேலைக்குப் போகிறாள். படுத்த படுக்கையான தாயை இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. நாம் முகம் சுளிப்பதால் அந்தத் தாய்க்கு என்ன பயன்?

மத்திய அரசின் ‘இந்தியாவில் முதியோர் 2021’ அறிக்கைப்படி தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே அறிக்கை. கேரளாவுக்கு அடுத்து நாம்தான்.

அரசு மனதில் வைத்திருப்பதோ பெரிய கட்டடங்களை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. மத்திய அரசின் மானியத் திட்டமும் 25 பேர் கொண்ட இல்லத்தைத்தான் கணக்கில் கொள்கிறது. அத்தனை பேர் இருக்கும் இடத்தில் குளிப்பது, சாப்பிடுவது, உறங்குவது எல்லாமே மணியடித்தாற்போல்தான் நடக்கும். தஹஜ்ஜுத்துக்கு எழுந்து பழகிய பெரியவர் விளக்கைப் போட்டால் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொந்தரவு.

வேறு வழி நம் பகுதியிலேயே இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்டு, முகப்பேரில் ‘அடைக்கலம்’ காப்பகத்தை நடத்திவரும் ‘தி பான்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைச் செயல்படுத்துகிறது. மனநோயால் நெடுங்காலம் காப்பகங்களில் இருந்தவர்கள் நான்கைந்து பேராக, சாதாரண வாடகை வீட்டில், ஊர் மக்கள் நடுவே, உதவியாளர் துணையுடன் வாழ்கிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரியாகச் சேர்த்தது. இது முதியோருக்கென்று வந்த திட்டமல்ல. ஆனாலும் அந்த அளவு முக்கியம். ஜப்பானில் மறதி நோயாளிகளுக்கான குழு இல்லங்களில் ஒரு பிரிவுக்கு ஒன்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

பாங்கு காதில் விழும் தூரத்தில் ஒரு தரைத்தள வீடு. அதில் ஐந்து பெண்கள். உட்கார்ந்து உளூச் செய்ய ஒரு திண்டு, குளியலறையில் கைப்பிடிக் கம்பி. மக்தப் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்கலாம். ரமலானில் கஞ்சி வாளி அந்த வாசலுக்கும் வரும். அல் இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் பெற்றோரின் முதுமையைப் பேசும்போது ‘உன்னிடத்தில்’ என்ற சொல்லைச் சேர்க்கிறது. பக்கத்துத் தெரு அந்தச் சொல்லுக்கு அருகில் வரும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இல்லம் வராது.

சின்ன வீடு என்றால் சின்னச் செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், விடுப்புக்கு மாற்றாள் என மூன்று சம்பளம் வேண்டும். உடனே ஜகாத் நிதியை நோக்கித்தான் கை நீளும். அங்கே கவனம் தேவை. பெற்ற தாய்க்கான கட்டணத்தை மகன் தன் ஜகாத்திலிருந்து செலுத்த முடியாது. அவரைப் பராமரிப்பது அவன் மீது ஏற்கெனவே கடமை. வேறு ஏழை முதியவருக்கு ஜகாத்தை அவர் கையில் கொடுக்கலாம், அதிலிருந்து அவர் கட்டணம் செலுத்தட்டும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஸதகாவும் வக்ஃபு வருமானமும்தான் பொருத்தம்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. பெரிய இல்லத்தில் நூறு கண்கள் உண்டு. சிறிய வீட்டில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. எந்த நேரமும் உறவினர் உள்ளே வர அனுமதி, ஜமாஅத்துப் பெண்களின் வாராந்திரச் சந்திப்பு, எழுதப்பட்ட கணக்கு ஆகியவை இல்லாமல் தொடங்கவே கூடாது. சேர்க்கும் முன் வீட்டை எழுதி வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால், அது மீறப்படும்போது 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியோர் உதவி எண் 14567.

ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் சென்னை மாவட்டம். எந்த மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்வது என்பதை, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஜமாஅத் நிர்வாகிகள் விசாரித்துக்கொள்வது நல்லது.