'நடுத்தர' ஆபத்துதானேன்னு கிளம்பலாமா? பனிச்சரிவு எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

குளிர்காலம் வந்துவிட்டால் குல்மார்க் ரீல்ஸ் வரிசைகட்டும். கோண்டோலாவில் அஃபர்வட் மலைமேல் ஏறி, யார் காலும் படாத பனியில் ஸ்கீயில் சறுக்கி இறங்கும் வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால், அதே குல்மார்க்கில் 2023 பிப்ரவரி 1-ம் தேதி பனிச்சரிவில் சிக்கி போலந்தைச் சேர்ந்த 2 பேர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22-ம் தேதி ரஷ்யர் ஒருவர் பலியானார்.

எச்சரிக்கையே இல்லையா என்றால், இருக்கிறது. பிரச்சினை, அதை நாம் படிக்கும் விதத்தில்.

ஒரு வரி எச்சரிக்கை

ஜம்மு காஷ்மீரில் பனிச்சரிவு எச்சரிக்கை பெரும்பாலும் ஒரே வரியில் வரும். மாவட்டத்தின் பெயர், எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்தில் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று அதில் இருக்கும். 'நடுத்தரம்' என்றதும் "அப்போ பரவாயில்ல, போகலாம்" என்று மனசு சொல்லும். தப்புக் கணக்கு தொடங்குவது இங்கேதான்.

ஐரோப்பாவில் 1 முதல் 5 வரை ஆபத்து நிலைகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் சுமார் பாதி, நடுவில் இருக்கும் 3-ம் நிலை நாட்களில்தான் நடக்கின்றன. 4, 5 என்றால் ஆட்கள் மலைப்பக்கமே போக மாட்டார்கள். 3 என்றால் புதுப்பனி இருக்கும், வெயிலும் அடிக்கும், கூட்டமும் கிளம்பிவிடும். இந்திய அளவுகோல் அப்படியே அதுவல்ல. ஆனால் 'நடுவில்' என்பது 'பாதுகாப்பு' அல்ல என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

பனிக்கு அடியில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. வானம் தெளிந்து கடுங்குளிர் நீடித்தால், உள்ளே இருக்கும் பனி சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று அள்ளிவந்து கொட்டும் பனி பலகை மாதிரி கெட்டியாகும். சரிவில் சர்க்கரையைத் தூவி, அதன்மேல் கடப்பாக்கல்லை வைத்தால் எப்படி நிற்கும்? அப்படித்தான் இதுவும். ஓர் ஆளின் எடை போதும், மொத்தமும் நழுவிவிடும். பனிச்சரிவில் ஸ்கீ வீரர்கள் இறக்கும் சம்பவங்களில் சுமார் 90 சதவீதத்தில், அதைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

* 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளே அதிக ஆபத்தானவை. அவற்றுக்குக் கீழே இருக்கும் சமதளமும் பாதுகாப்பானதல்ல.
* புதுப்பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உஷார்.
* கால் வைத்ததும் 'தொம்' என்ற சத்தமோ, பனியில் ஓடும் விரிசலோ தெரிந்தால் உடனே திரும்பிவிட வேண்டும்.
* சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து மீட்புக் குழு அதற்குள் வருவது அரிது.

"கைடு இருக்காரே" என்பது மட்டும் போதாது. 2022 அக்டோபர் 4-ம் தேதி, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. அனுபவமிக்க பயிற்றுநர்களும் அதில் இருந்தார்கள். 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன, 2 பேர் காணாமல் போயினர்.

என்ன மாற வேண்டும்?

மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி என்பது சாலைப் போக்குவரத்துக்கு உதவலாம், மலைச்சரிவில் இறங்குபவருக்குப் போதாது. எந்தத் திசைச் சரிவில், என்ன காரணத்தால் ஆபத்து என்பதையும் அரசு சொல்ல வேண்டும். குல்மார்க்கில் ரோந்துக் குழு கண்காணிக்கும் பகுதி எங்கே முடிகிறது என்பது கோண்டோலா டிக்கெட் வாங்கும்போதே பயணிக்குத் தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியம், பணம். கஷ்டப்பட்டு வாங்கிய 4 நாள் லீவு, கட்டிய புக்கிங், விமான டிக்கெட் எல்லாம் சேர்ந்துதான் "இவ்ளோ தூரம் வந்துட்டோம், பாத்துக்கலாம்" என்று சொல்லவைக்கின்றன. எச்சரிக்கை வந்த நாளில் தேதியை மாற்றவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ டூர் நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும். புக் பண்ணும் முன் அதைக் கேட்பது பயணியின் கையில் இருக்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.