சின்னம் வேண்டும், சுவர் வேண்டாமா?

பென்ஷன் எடுக்கப் போகும்போது ஸ்டேட் வங்கி பாஸ்புக்கில் இருக்கும் நீல வட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு வட்டம், நடுவில் துளை, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். 1971-இல் வந்தது. வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத். ஐம்பது வருஷம் தாண்டியும் பழசாகவில்லை.

அந்த ஊரே அப்படித்தான். துணி ஆலைகளால் வாழ்ந்து, 1980-களில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்ட ஊர். ஆலை முதலாளிகள் சங்கத்துக்கு 1954-இல் லெ கொர்புசியே கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. மேற்கு வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட, கான்கிரீட் பலகைகளைச் சாய்த்து நிறுத்தினார். பிறகு லூயி கான் ஐ.ஐ.எம். வளாகத்தில் செங்கல் சுவரிலேயே பெரிய பெரிய வட்டங்களைத் திறந்து வைத்தார். இன்று அந்தக் கோடும் வட்டமும் போஸ்டர், புத்தக அட்டை, பனியன் எல்லாவற்றிலும் வருகின்றன. வரட்டும், சந்தோஷம்.

ஆனால் 2020 டிசம்பரில் அதே ஐ.ஐ.எம். நிர்வாகம், கான் கட்டிய 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக அறிவித்தது. ஒழுகுகிறதாம், செங்கல் உதிர்கிறதாம். அதே வளாகத்து நூலகத்தைப் பழுது பார்த்ததற்கு 2019-இல்தான் யுனெஸ்கோ விருது கிடைத்திருந்தது! நூலகத்துக்கு முடிந்தது விடுதிக்கு முடியாதா? உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தபிறகே 2021 ஜனவரி முதல் தேதி அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். சுவரை இடித்துவிட்டு அதன் படத்தைப் பனியனில் போட்டுக்கொள்வது என்ன பெருமை?

"அகமதாபாத் கதை தீர்த்தமலைக்கு எதற்கு?" என்பீர்கள். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? பழைய கல் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறோம். திருவிழா பிளெக்ஸில் நாற்பது முகங்கள். மூலையில் கம்ப்யூட்டரில் எடுத்த ஏதோ ஒரு ஊர்க் கோபுரம். கண்ணெதிரே மலை நிற்கிறது, பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. இரண்டு கோட்டில் வரைந்துவிடலாம். எளிமையாக இருந்தால் ஏழ்மை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நோட்டீஸ் அடிக்குமுன் பள்ளிப் பிள்ளைகளை அடிவாரத்தில் உட்காரவைத்து மலையை வரையச் சொல்லுங்கள். நன்றாக வந்த ஒன்றை அச்சடியுங்கள். பெயின்ட் டப்பாவைக் கல் தூண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.