மாமல்லபுரம் எந்த மாவட்டம்?

இணையப் படக் களஞ்சியம் ஒன்றில் ‘வைகுண்டப் பெருமாள் கோயில்’ என்று தேடினால் இரண்டு கோயில்கள் கலந்து வந்து நிற்கும். ஒன்று காஞ்சிபுரம் நகருக்குள் இருப்பது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டியது. பல்லவர் வரலாற்றைத் திருச்சுற்றுச் சிற்பங்களாகச் சொல்வது. மற்றொன்று உத்திரமேரூரில் இருப்பது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாக வெட்டிவைத்த சுவர் இந்தக் கோயிலுடையது. போதாக்குறைக்கு, இரண்டு ஊரிலும் கைலாசநாதர் கோயிலும் உண்டு. படம் ஏற்றியவர் கோயிலின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டால், பின்னால் தேடி வருகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்குக் களஞ்சியக்காரர்கள் கண்ட வழி, குறிச்சொற்களுக்குள் உறவு வைப்பது. ‘உத்திரமேரூர்’ என்று எழுதினாலும் ‘உத்தரமேரூர்’ என்று எழுதினாலும் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்யலாம். இது மாற்றுப்பெயர் உறவு. இதில் சண்டை குறைவு. ‘நத்தைகுத்தி நாரை’ என்று ஒருவர் குறித்தால் ‘பறவை’ என்பதும் தானாகச் சேரும்படி விதி எழுதலாம். வம்பெல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான்.

நாரையைப் பொறுத்தவரை விதியில் பழுதில்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினக் களஞ்சியங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. இனத்தின் பெயரைச் சொன்னால் போதும். பேரினம், குடும்பம், வகுப்பு எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். நாளைக்கே அறிவியலாளர்கள் ஓர் இனத்தைத் தூக்கி வேறு பேரினத்தில் வைத்தாலும் பறவை பறவைதானே. ஆனால் இதே துணிச்சலில் ‘வேடந்தாங்கல்’ என்றால் ‘பறவை’ என்று ஒரு விதி போட்டுவிட்டால், கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியும் பார்வைக் கோபுரமும்கூடப் பறவைப் பட்டியலில் ஏறிவிடும்.

வேடந்தாங்கலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது எந்த மாவட்டம்?

1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாமல்லபுரமும் வேடந்தாங்கலும் அந்தப் பக்கம் போயின. உத்திரமேரூர் இந்தப் பக்கமே நின்றது. ‘மாமல்லபுரம் என்றால் காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று 2010-ல் ஒருவர் விதி எழுதியிருந்தால் அன்றைக்கு அது முழு உண்மை. இன்றைக்கு அதே விதி, கடற்கரைக் கோயில் படம் ஒவ்வொன்றிலும் பிழையை ஒட்டிக்கொண்டிருக்கும். சரி, செங்கல்பட்டு என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் 1990-ல் எடுத்த படத்துக்கு அன்றைய மாவட்டம் செங்கல்பட்டு, இன்றைய மாவட்டம் காஞ்சிபுரம். மாமல்லபுரம் செங்கல்பட்டில் இருந்து, காஞ்சிபுரத்துக்குப் போய், மறுபடி செங்கல்பட்டுக்கே வந்திருக்கிறது. படம் எடுத்த தேதியைப் பார்க்காத எந்த விதியும் இதில் ஏதாவது ஓரிடத்தில் சறுக்கும்.

இணையத் தரவுக் களஞ்சியமான விக்கித்தரவு இதற்கு ஓரளவு விடை வைத்திருக்கிறது. ஓர் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று எழுதும்போது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதையும் சேர்த்து எழுத அங்கே இடமுண்டு. உறவு இருக்கவேண்டியது அங்கேதான், ஊரைப் பற்றிய பதிவில். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அதை எழுதிவைக்க வேண்டியதில்லை.

பட்டுக்கும் இதே பாடுதான். கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று குறித்தால் ‘பட்டு’ சேரட்டும். ‘காஞ்சிபுரம்’ என்ற ஊர் சேரலாமா? சேர்ந்தால், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்களெல்லாம் காஞ்சிபுரத்துக்கு வந்துவிடுவார்கள். ‘சேலை’யும் தானாகச் சேரக் கூடாது, பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை என்ன பாவம் செய்தார்?

இணையப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் 2004-ல் தொடங்கியது. இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அங்கே இருக்கின்றன. அதன் பழைய வழக்கம், ஒரு படத்தை அதற்குப் பொருந்தும் மிகக் குறுகிய பகுப்பில் மட்டும் வைப்பது. உத்திரமேரூர்ச் சுவர்ப் படம் அந்தக் கோயிலின் பகுப்பில் இருக்கும். ‘தமிழ்நாட்டுக் கோயில்கள்’ என்ற பெரிய பகுப்பிலும் அதைத் திணிக்கக் கூடாது. 2019-ல் வேறொரு முறையும் வந்தது. படத்தில் என்ன தெரிகிறது என்பதை விக்கித்தரவின் உருப்படிகளைக் கொண்டு சொல்வது. உடனே வழக்கும் வந்தது: கோயிலின் பெயரைச் சொன்ன பிறகு ‘கோயில்’, ‘கட்டடம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மிகை என்றது ஒரு தரப்பு. சொல்லாவிட்டால் தேடுபொறிக்கு எப்படித் தெரியும் என்றது மறுதரப்பு. நடுவே, படத்தைப் பார்த்துக் கணினியே சொற்களைப் பரிந்துரைக்கும் கருவி ஒன்று வந்தது. அது பொதுப்படையான சொற்களாகவே அள்ளிக் கொட்டுகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். பிறகு அது விலக்கப்பட்டது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு கடினமில்லை. ஊகித்துச் சேர்க்கும் வேலையைத் தேடும் நேரத்தில் கணினி செய்துகொள்ளட்டும். படத்தின் பதிவில் மனிதர் எழுதியது மட்டும் இருக்கட்டும். ஒருவர் சொல்லை விட்டுவிட்டால் ஒரு படம்தான் தேடலில் தப்பும். தவறான விதி ஒன்று ஆயிரம் படங்களை ஒரே நாளில் கெடுத்துவிடும். மனிதர் எழுதிய சொல்லும் விதி ஒட்டிய சொல்லும் ஒரே நிறத்தில் நின்றால், பிற்பாடு எதைத் திருத்துவது என்றே தெரியாது.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் மோடி உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். இப்படி ஊர் பேர் பெறும்போது ‘உத்திரமேரூர்’ என்றால் ‘குடவோலை’ என்று முடிச்சுப் போடத் தோன்றும். போட்டால், சுந்தரவரதப் பெருமாள் கோயில் விமானமும் பேருந்து நிலையமும்கூட ஜனநாயகத்துக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும்.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய அசட்டுத்தனங்கள். ஆட்களின் படங்களுக்கு வந்தால் விஷயம் விளையாட்டல்ல. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் ஆட்களின் படங்கள் சாதிப் பெயரின் கீழ் நின்றன. முகமும் நகையும் உடையும் சாதிக்கு அடையாளமாயின. இன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை எண்மமாக்கியிருக்கிறது. இத்தகைய தொகுப்பில் காது வளர்த்த ஒரு பாட்டி இருந்தால், அவர் காதணியைப் ‘பாம்படம்’ என்று குறிப்பது கண்ணால் கண்டது. அதைக்கூடக் கவனமாகச் செய்ய வேண்டும். பாம்படமும் தண்டட்டியும் ஒன்றல்ல, மாற்றுப்பெயராக்கினால் பிழை. ‘பாம்படம் என்றால் இன்ன சாதி’ என்று விதி எழுதினாலோ, தர்ஸ்டன் கையால் செய்ததைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கும். சாதி, மதம், தொழில் மூன்றுக்கும் தானியங்கி விதியே கூடாது. படத்துக்குரியவரோ குடும்பத்தாரோ சொன்னால், சொன்னவர் யார் என்ற குறிப்போடு பதிவு செய்யலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படை கோயில், கல்வெட்டு, சிற்பம் என்று படங்களோடு ஆவணப்படுத்தி வருகிறது. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் அடுத்தடுத்து இறங்கும். இப்போதே ஒன்று செய்யலாம். எந்தச் சொல் எதை இழுத்துவரும், அந்த விதியை எழுதியது யார், எந்த நாளில் என்பதைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லவும் ஒரு வழி வேண்டும். ஏரி, கால்வாய், தெரு, சிறுதெய்வக் கோயில் பெயர்களில் உள்ளூர்க்காரர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். ஏனாத்தூரிலேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்களின் படங்களைச் சரிபார்க்கும் வேலையை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.