ஏற்றுமதி பெருகினால் மட்டும் போதுமா?

ஒரு காலத்தில் ஐயம்பேட்டை விழித்தெழுவது தறிச் சத்தத்தில். இன்றோ விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. தறிக்கூலி கட்டுப்படியாகாத வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் புறப்படுகிறார்கள். நம் சமுதாய இளைஞர்களுக்கும் அந்த பஸ்தான் இன்றைய நம்பிக்கை. போகட்டும், தவறில்லை. ஆனால், 'ஏற்றுமதிக் கம்பெனி' என்றதும் மனம் குளிர்ந்து விடுகிறோமே, அது எப்படிப்பட்ட வேலை என்று கேட்டோமா?

2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. அங்கே தயாரான கைப்பேசிகள் பல நாடுகளுக்குப் போயின. வரித் தகராறு முற்றியது. 2014 நவம்பர் 1ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தனர். எட்டாண்டு உழைப்புக்கு ஆயுள் அவ்வளவுதான்!

2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 250க்கும் மேற்பட்டோர்! தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்த பிறகுதான், விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்தப் பெண்கள் நிரூபித்தார்கள்.

பிறரை மட்டும் குறை சொல்லி முடித்துக் கொள்ளலாமா? தோல் ஏற்றுமதியில் நம் வணிகர்களுக்குப் பெரும் பங்குண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிய 10 பேர் மடிந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உறங்குவதற்குப் பாதுகாப்பான இடம்கூட இல்லாத வேலை என்ன வேலை?

இளைஞர்களே! சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். நியமனக் கடிதம் உண்டா? அதில் இருப்பது கம்பெனியின் பெயரா, காண்ட்ராக்டரின் பெயரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா? கேளுங்கள்! 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. கேட்பது உரிமை, தயங்க வேண்டியதில்லை.

வணிகப் பெருமக்களே! அதே கேள்விகளை உங்கள் பட்டறைத் தொழிலாளியும் கேட்பான். முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தயாராகுங்கள். வெளிநாட்டு ஆர்டர் இன்று வரும், நாளை நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதைக் கண்ணால் கண்டோம். ஆர்டர் நிற்கும் நாளில் உங்களோடு நிற்கப் போகிறவன், நல்ல நாளில் நீங்கள் நியாயமாக நடத்திய தொழிலாளிதான்.

சிந்திப்போம்!