பச்சை நிற நீரெல்லாம் தூய நீராகாது

ஆபிரிக்க நாடான சாம்பியாவின் செப்பு வலயத்தில், 2025 பெப்ரவரி 18 ஆம் திகதி, சீன அரச நிறுவனமொன்றுக்குச் சொந்தமான செப்புக் கம்பனியின் கழிவு அணை உடைந்தது. பார உலோகங்கள் கலந்த சுமார் 5 கோடி லீற்றர் அமிலக் கழிவு, கஃபூவே நதியுடன் இணையும் ஓடையொன்றில் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. சுமார் 7 இலட்சம் மக்கள் வாழும் கிற்வே நகரின் குடிநீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. அரசாங்கம் விமானம் மூலம் சுண்ணாம்பைக் கொட்டி அமிலத்தைத் தணிக்க முயன்றது.

அமிலம் தணியும் போது, கரைந்திருந்த உலோகங்களில் பெரும்பகுதி ஆற்றின் அடிச்சேற்றில் படிகின்றது. நீர் தெளிகின்றது, பாசியும் மீண்டும் படர்கின்றது. நதி பிழைத்துவிட்டது என்ற எண்ணம் தோன்றுவது இவ்வேளையில்தான். ஆனால், இப்பசுமையை நம்பிவிட முடியாது என்பதையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.

நன்னீர்ப் பாசிகள் நச்சு உலோகங்களைத் தாங்கும் விதம் வியப்புக்குரியது. அவற்றின் கலச்சுவர் உலோக அயன்களைத் தன்னோடு பிணைத்துக் கொள்கின்றது. அதனையும் தாண்டி உட்புகும் கட்மியம் போன்றவற்றை, கந்தகம் கொண்ட சிறு புரதத்துணுக்குகள் கட்டிப்போடுகின்றன. பின்னர் அவை கலத்தினுள்ளேயே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. எனினும் இத்திறன் எல்லா இனங்களுக்கும் உரியதன்று. பாசிகளைக் கொல்வதற்கே செப்புச் சல்பேற்று பயன்படுத்தப்படுவதை இங்கு நினைவுகூரலாம். மாசடைந்த நீரில் தாங்கும் ஆற்றலற்ற இனங்கள் அழிய, ஆற்றலுள்ள சிலவே பெருகுகின்றன. ஆகவே, பசுமையே சில வேளைகளில் மாசின் அடையாளமாகவும் அமைந்துவிடுகின்றது.

இதனைவிட முக்கியமான உண்மையொன்றும் உண்டு. உலோகம் அழிவதில்லை. பாசி அதனை மறைத்து வைக்கின்றதே தவிர ஒழிப்பதில்லை. பாசியை உண்ணும் சிற்றுயிர்களுக்கும், அவற்றை உண்ணும் மீன்களுக்கும், ஈற்றில் அம்மீனை உண்ணும் ஏழைக் குடும்பத்தின் உணவுக்கும் அது சென்றடைய வழியுண்டு. பாசியைக் கொண்டு நீரைச் சுத்திகரிக்கும் முறைகளிலும், உலோகத்தை உறிஞ்சிய பாசியை அகற்றிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தினால் மாத்திரமே பயன் கிட்டும்.

எனவே, நீரின் நிறத்தைக் கண்டு திருப்தியடையாது, அடிச்சேற்றையும் மீனையும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளைக் கரையோர மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். அதற்கான செலவை மாசுபடுத்தியவர்களே ஏற்க வேண்டும் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. செப்பின் இலாபம் ஒரு சாராருக்கும் அதன் நஞ்சு மற்றொரு சாராருக்கும் என்ற நிலை நீடிப்பதை நியாயமெனக் கொள்ள முடியாது.