விமானத்துக்கு வீட்டுக்காரர் யார்?

அடுத்த முறை கேஎல்ஐஏவிலோ சாங்கியிலோ காத்திருக்கும்போது, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தின் பின்பக்கத்தில் சின்னதாக எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். 9எம் என்று தொடங்கினால் மலேசியா, 9வி சிங்கப்பூர், விடி இந்தியா, 4ஆர் இலங்கை.

வானொலியில் விமானச் செய்தி வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு இந்த எழுத்துகள் மீது ஒரு கண். கார் நம்பர் மாதிரிதான், ஆனால் கூடவே குடியுரிமையும் இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி, ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாக முடியாது.

ஆனால், உரிமையாளர் யார் என்பதை அந்த எழுத்துகள் சொல்லாது. வாலில் பெரிதாகப் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் பல நேரங்களில் வாடகைக்கு இருப்பவர்தான். வீட்டுக்காரர் டப்ளினில் இருக்கும் ஏர்கேப் ஆக இருக்கலாம். சிங்கப்பூரில் தலைமையகம் உள்ள பிஓசி ஏவியேஷனாகவும் இருக்கலாம்.

வாடகை கட்டாவிட்டால்? இதற்காகவே 2001இல் கேப் டவுன் ஒப்பந்தம் வந்தது. “நான் தவறினால் பதிவை ரத்து செய்து விமானத்தை எடுத்துக்கொள்ளலாம்” என்று விமான நிறுவனம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும். பழைய பதிவு ரத்தானால்தான் வேறு நாட்டில் புதிய பதிவு கிடைக்கும்.

எழுதிக் கொடுத்தால் போதுமா? இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டது. சொத்துகளை யாரும் தொடக்கூடாது என்று தடை வந்தது. வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 54 விமானங்களின் பதிவை ரத்து செய்யும்படி டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை அவை தரையிலேயே நின்றன. அடுத்த ஆண்டு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது இந்தியா.

இதில் நமக்கென்ன? விமானத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம் என்று வீட்டுக்காரர் பயந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் டிக்கெட் விலையும் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. நிறுவனம் நொடித்தால் விமானம் வீட்டுக்காரரிடம் போய்விடும். முன்பணம் கட்டிய பயணி கடன்காரர்கள் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்பார். ஆகவே, குடும்பத்தோடு பயணம் போகப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “விமான நிறுவனம் திவாலானால் பணம் கிடைக்குமா?” எல்லாக் காப்புறுதியிலும் அது இருக்காது.