ஐஸ்பெட்டி கொஞ்சம் பொறுத்தால் என்ன?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் எஞ்சி நிற்கும் லயத்தின் கடைசி வீடு என் பாட்டியுடையது. அந்தி ஏழு மணிக்கு எல்லா வீடுகளிலும் விளக்கும் விசிறியும் போட்டதும், பாட்டி வீட்டு விளக்கு மங்கும். ஐஸ்பெட்டி உறுமும், ஆனால் ஓடாது. மின்மாற்றியிலிருந்து நீளும் கம்பியின் முனையில் இருப்பவருக்கு மின்னழுத்தம் குறைந்துதான் வந்து சேரும். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். விதிப்படி அது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. ஈப்போவில் மின்மாற்றிக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் தாமான் வீட்டில் இந்தத் தொல்லை தெரியவே தெரியாது.

மாமா ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். பாட்டியின் கவலை தீர்ந்தது. மின்பொறியியல் படிக்க வந்த பிறகுதான் அதிலுள்ள சங்கடம் எனக்குப் புரிந்தது. ஸ்டெபிலைசர் மின்னழுத்தத்தைச் சும்மா உண்டாக்குவதில்லை. கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துத்தான் அது 230ஐ எட்டுகிறது. அந்த இழுப்பினால் பக்கத்து வீட்டுக்கு இன்னும் குறைகிறது. பக்கத்து வீட்டாரும் ஒன்று வாங்குவார். (வாங்கினார்.)

இதற்கு நேர்மாறாகவும் வீட்டுச் சாதனங்களால் நடந்துகொள்ள முடியும். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுக்கூடம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் 150 துணி உலர்த்திகளிலும் 50 நீர்சூடேற்றிகளிலும் ஒரு சிறு மின்னணுப் பலகையைப் பொருத்திச் சோதித்தது. மின் உற்பத்தி தேவைக்குக் குறைந்தால் மின்சாரத்தின் அதிர்வெண் சரியும். அங்கே 60 ஹெர்ட்ஸாக இருக்கவேண்டியது 59.95க்கு இறங்கியவுடன் அந்தச் சாதனங்கள் தாமாகவே சுமையைக் குறைத்தன. நிலைமை சீரானதும் மீண்டன. வெளியிலிருந்து யாரும் கட்டளையிடவில்லை, சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரமே செய்தி சொன்னது. வீட்டார் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவேயில்லை.

நான் பிறப்பதற்கு முன், 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி, தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியதைப் பெற்றோர் இன்றும் சொல்வார்கள். அதை ஐஸ்பெட்டிகள் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அத்தகைய நேரத்தில் முதல் சில வினாடிகளே முக்கியம். இலட்சக்கணக்கான ஐஸ்பெட்டிகள் ஒன்றாக ஒதுங்கினால் அந்த வினாடிகள் கிடைக்கும். அதே பலகை மின்னழுத்தத்தையும் கவனித்தால், அந்தியில் லயத்துக் கம்பியின் சுமையும் குறையும். கம்பியைத் தடிமனாக்கும் கடமை அதனால் தீர்ந்துவிடாது, அது வேறு.

'என் வீட்டுப் பெட்டியை அணைக்க யாருக்கு உரிமை?' என்று சிலர் கேட்பார்கள். ஐஸ்பெட்டி தானாகவே ஒரு நாளில் பலமுறை நின்று ஓடுகிறது. ஐந்து நிமிடம் தள்ளி ஓடினால் மீன் கெட்டுவிடாது. பாட்டியிடம் விளக்கினேன். "அப்போ அடுத்த வீட்டுப் பெட்டியும் பொறுக்குமா?" என்றார். கேள்வி அதுதான். ஒருவர் மட்டும் பொறுத்தால் பயனில்லை, ஆகவே இதை விருப்பத்துக்கு விட முடியாது.

2013 முதல் நம் நாட்டில் ஐஸ்பெட்டிக்குக் குறைந்தபட்ச மின்சிக்கனத் தரம் கட்டாயம். கதவில் ஒட்டிய நட்சத்திரங்கள் அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. எந்த நேரத்தில், யார் பங்கிலிருந்து என்பதைச் சொல்வதில்லை. ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் அந்தப் பலகையும் உள்ளே இருக்கவேண்டும் என்று விதிக்கலாம். நம் கழகத்திலிருந்து பட்டம் பெற்றுப் போன மின்பொறியாளர்கள் பலர். தர விதிகளை எழுதும் இடங்களில் இருப்பவர்கள் இதை முதலில் கேட்கட்டும்.